சாம்பல் கல் வாங்குமுன்: கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: தூத்துக்குடிப் பக்கம் அரசு நிலையமும் இருக்கு, மேலமருதூரில் தனியார் அனல்மின் நிலையமும் இருக்கு. சாம்பலில் செங்கல் மாதிரிக் கல் செய்ய எந்தச் சாம்பல் நல்லது அண்ணே?

நிலையத்தைக் கேட்பதைவிட, சாம்பலை எங்கே பிடித்தார்கள் என்று கேளுங்கள். புகைபோக்கிக்கு முன்னால் மின்வடிப்பானில் சிக்கும் உலர்ந்த நுண்சாம்பல்தான் கல்லுக்கு ஆகும். அது பல்கர் எனும் மூடிய டாங்கி லாரியில் வரும். கொதிகலன் அடியில் விழுவது கரடுமுரடானது, மணலுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்க்கலாம், அவ்வளவுதான். சாம்பல் குளத்திலிருந்து டிப்பரில் அள்ளி வரும் ஈரச் சரக்கு மலிவு. நான் வாங்கச் சொல்ல மாட்டேன். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கணும். கருத்திருந்தால் எரியாத கரி அதிகம்: தண்ணீர் கூடக் குடிக்கும், பலம் குறையும்.

மேலூரிலிருந்து: சிறிய யூனிட் போடுகிறேன். கலவை எவ்வளவு?

எடைக்கணக்கில் சாம்பல் 57, கிரஷர் துகள் 33, சிமெண்ட் 10. பி.பி.சி. வகைச் சிமெண்ட் மூட்டையில் ஏற்கெனவே சாம்பல் கலந்திருக்கும், சாம்பல் கலக்காத ஓ.பி.சி. வகை வாங்குங்கள். தண்ணீர் அளவுக்கு, கலவையை உருண்டை பிடித்தால் உடையாமல் நிற்கணும், உள்ளங்கை நனையக் கூடாது.

உசிலம்பட்டியிலிருந்து: புது வீட்டுச் சுவரில் ஏணிப்படி மாதிரி வெடிப்பு. கல்தான் காரணம் என்கிறார் கொத்தனார்.

அஸ்திவாரம் இறங்கினாலும் இப்படி வெடிக்கும். வெடிப்பின் குறுக்கே ஜிப்சம் பூசித் தேதி எழுதி வையுங்கள். அந்தப் பூச்சும் வெடித்து, இடைவெளி கூடிக்கொண்டே போனால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கூடாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் பச்சைக் கல், அதாவது முழுசாக இறுகாத கல்தான் காரணம். சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சாம்பல் மெதுவாகத்தான் சேரும், அதற்கு ஈரம் வேண்டும். சித்திரை வெயிலில் நாலு நாள் தண்ணீர் காட்டி லோடு ஏற்றினால், மிச்சச் சுருக்கம் உங்கள் சுவரில் நடக்கும். 14 நாளாவது நனைத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்திய கல்லே கட்டுக்கு ஏற்றது. அடுத்த தவறு 1:4 கலவையில் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு பங்கு) கட்டுவது. 1:6 போதும்; கலவை கல்லைவிடக் கெட்டியானால் கல் பிளக்கும். சூளைக்கல்லைப் போல ஊறவைக்கவும் வேண்டாம், மேலாக நனைத்தால் சரி. தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் அங்கே நேர்கோட்டில் கீறல் வரும்.

ஒத்தக்கடையிலிருந்து: லோடு இறங்கும்போதே சோதிக்க வழி உண்டா?

ஆணியால் கீறுங்கள், மாவு உதிரக் கூடாது. இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கணும். உலர்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் தண்ணீரில் போட்டு மறுபடி நிறுங்கள்; 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

அவனியாபுரத்திலிருந்து: ஆணி அடித்தால் கல் தெறிக்குதே?

சுத்தியல் வேண்டாம். ட்ரில் போட்டு பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள்.