சிக்னலில் எரியும் இபிசி விளக்கு: த்ராட்டில் பாடியை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னுடையது 2011 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ 1.2 பெட்ரோல். 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது சில சமயம் டேஷ்போர்டில் இபிசி (EPC) என்ற எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அதன்பிறகு ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்கிறதே தவிர பிக்கப் இல்லை. இக்னிஷனை அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்கிறார்கள். சுத்தம் செய்தால் போதாதா? பழைய சாமான் கடையில் வாங்கிப் போடலாமா? வீட்டிலேயே மாட்டிக்கொள்ள முடியுமா?

பதில்: இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மேல் சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் இதே அறிகுறியைப் பிரேக் லைட் சுவிட்சும், ஆக்ஸிலரேட்டர் பெடலில் இருக்கும் சென்சாரும், கப்ளரில் (வயர்களைச் சேர்க்கும் பிளக்கில்) தளர்ந்துபோன ஒரு டெர்மினலும் காட்டும். காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் ஃபால்ட் கோடையும் (பழுது எண்ணையும்) வோல்டேஜையும் பார்க்காமல் த்ராட்டிலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் காரில் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள். அவை சொல்வதை ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், படித்து, த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் சிறு டிசி மோட்டாரை இயக்குகிறது. மோட்டார் பல்சக்கரங்கள் வழியாக, காற்றுப்பாதையைத் திறந்து மூடும் தட்டைத் திருப்புகிறது. தட்டு எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்ல அங்கேயும் இரண்டு சென்சார்கள். ஒன்றின் வோல்டேஜ் ஏறும்போது மற்றதன் வோல்டேஜ் இறங்கும். இரண்டின் கூட்டுத்தொகை எந்த நிலையிலும் 5 வோல்ட்டை ஒட்டியே இருக்கவேண்டும். இந்தக் கணக்கு தப்பினால் ஈசியூ சந்தேகப்பட்டு இபிசி விளக்கைப் போடும்.

எது போனால் என்ன நடக்கும் என்பதில் வித்தியாசம் இருக்கிறது, உங்கள் விஷயத்தில் அதுதான் முதல் துப்பு. த்ராட்டிலில் ஒரு சென்சார் மட்டும் போனால் விளக்கு எரியும், க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் நின்றுவிடும், வண்டி பெடலுக்கு ஓரளவு கட்டுப்பட்டே போகும். இரண்டு சென்சாரும் போனால் ஈசியூ மோட்டாருக்குக் கரண்ட்டையே நிறுத்திவிடும். அப்போது ஸ்பிரிங் தட்டைக் கொஞ்சம் திறந்த நிலையில் பிடித்து வைக்கும். இன்ஜின் 1,500 ஆர்பிஎம் வாக்கில் நின்றுகொண்டு, பெடலை என்ன செய்தாலும் அசையாது. பெடலில் இருக்கும் இரண்டு சென்சாரும் சேர்ந்து போனாலும் இதேதான். ஆகவே அடுத்த முறை விளக்கு எரியும்போது ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் ரெய்ஸ் செய்து பாருங்கள். முள் மெதுவாகவாவது ஏறுகிறதா, 1,500-லேயே உறைந்து நிற்கிறதா? உறைந்து நின்றால் ஒரு சென்சாரின் தேய்மானம் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று அறுகிறது என்று பொருள்.

த்ராட்டில் கப்ளரில் ஆறு வயர்கள்: மோட்டாருக்கு இரண்டு, சிக்னலுக்கு இரண்டு, மிச்சம் ஒரு 5 வோல்ட், ஒரு எர்த். இந்தக் கடைசி இரண்டைத்தான் இரு சென்சார்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதில் ஒரு டெர்மினல் தளர்ந்தால் இரண்டு சிக்னலும் ஒன்றாகச் சாகும். பெடலில் அப்படியில்லை. அங்கேயும் ஆறு வயர்தான், ஆனால் ஒவ்வொரு சென்சாருக்கும் தனி 5 வோல்ட், தனி எர்த், தனி சிக்னல். அதனால் பெடல் பக்கம் இரண்டும் ஒரே நொடியில் சாவது அபூர்வம்.

முதலில் ஸ்கேனரில் ஃபால்ட் கோடைப் படியுங்கள். அழிக்கும் முன் எழுதிவையுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டி "ரீசெட்" செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், தடயமெல்லாம் அதோடு போய்விடும். பி0121 முதல் பி0123 வரை வந்தால் த்ராட்டிலின் முதல் சென்சார், பி0221 முதல் பி0223 வரை வந்தால் இரண்டாவது. பி2135 என்றால் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பி2138 என்றால் அதே சண்டை பெடல் சென்சார்களுக்குள். பி1545 என்றால் ஈசியூ சொன்ன இடத்துக்குத் தட்டு வரவில்லை. மோட்டார், பல்சக்கரம், கரி ஆகியவற்றைப் பாருங்கள். காரின் ஓபிடி சாக்கெட்டில் (பழுது பார்க்கும் பிளக்கில்) மாட்டும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனரே இவற்றில் பலவற்றைக் காட்டும். ஆனால் பின்னால் வரும் அடாப்டேஷன் வேலைக்கு, அதாவது தட்டின் நிலைகளை ஈசியூவுக்குக் கற்றுக்கொடுக்க, அது போதாது. விசிடிஎஸ் அல்லது அதற்கு இணையாக ஃபோக்ஸ்வேகன் குரூப்புக்கென்றே வரும் கருவி வேண்டும்.

கோடில் பிரேக் சுவிட்ச் என்று வந்தால் த்ராட்டிலை மறந்துவிடுங்கள். பிரேக் மிதித்திருக்கிறதா என்பதை ஈசியூ இரண்டு சிக்னல்களை வைத்து ஒப்பிடுகிறது. அவை முரண்பட்டால் இந்தக் கார்களில் இபிசி எரியும். ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக் பெடலை இருபது முறை மிதித்து விடுங்கள். ஒரு முறையாவது பிரேக் லைட் எரியாமல் போனாலோ அணையாமல் நின்றாலோ சுவிட்சை மாற்றவேண்டும், அது சின்ன செலவு. இரண்டு பல்புமே ஃபியூஸ் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போதும் கிளம்பும்போதும்தான் பிரேக் பெடலுக்கு வேலை அதிகம் என்பதை மறக்கவேண்டாம்.

அடுத்தது பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தாலோ, ஓடும்போது சார்ஜிங் 13.8-க்குக் குறைந்தாலோ அதைச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள். இந்த மோட்டாருக்கும் சென்சாருக்கும் வோல்டேஜ் குறைபாடு பிடிக்காது.

இனி அளப்பது. கப்ளரைக் கழற்றாமல், வயர் நுழையும் பின்பக்கம் மெல்லிய ஊசி நுழைத்து மல்டிமீட்டரால் பாருங்கள். இன்சுலேஷனைக் குத்தாதீர்கள், மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியே தாமிரம் பச்சை பிடிக்கும். எந்த வயர் எது என்பதை அந்த இன்ஜினுக்கான வயரிங் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், நிறத்தை நம்பவேண்டாம். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். 5 வோல்ட் வயரில் 4.8 முதல் 5.2 வரை இருக்கவேண்டும். சென்சார் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம். 5 வோல்ட் குறைவாக இருந்தால் உடனே வயரைக் குற்றம் சொல்லாதீர்கள். பல கார்களில் அதே 5 வோல்ட்டை மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) பிரஷர் சென்சாரோ ஏசி பிரஷர் சென்சாரோ பங்குபோடும். அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட்டானால் எல்லாவற்றையும் இழுத்துச் சாய்த்துவிடும். ஒவ்வொன்றாகக் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் வோல்டேஜ் நிமிர்கிறதோ அதுதான் குற்றவாளி.

பிறகு ஸ்கேனரில் இரண்டு த்ராட்டில் சிக்னலையும் கிராஃபாகப் போட்டு, பெடலை மிக மெதுவாக, முழுக்க மிதித்து விடுங்கள். கோடுகள் எதிரெதிராகச் சீராகப் போகவேண்டும். ஒரு கோடு மட்டும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்திட்டுக் குதித்தால் அந்த சென்சாரின் உள்தடம், அதாவது டிராக், தேய்ந்திருக்கிறது. கரித்தடத்தின் மேல் பிரஷ் உரசும் பழைய வகை சென்சாரில் இந்தத் தேய்மானம் பெரும்பாலும் ஐடிலிங்கை ஒட்டிய சிறு திறப்பில்தான் வரும். நகர நெரிசலில் பிரஷ் தன் வாழ்நாளில் பாதியை அந்தச் சில மில்லிமீட்டரிலேயே முன்னும் பின்னும் ஆடிக் கழிக்கிறது. சிக்னலில் மட்டும் தகராறு, நெடுஞ்சாலையில் சாதுவாக ஓடுகிறது என்ற புகாருக்கு இது ஒரு காரணம். 1999 முதல் 2001 வரை வந்த வோல்வோ கார்களில் பேர்போன த்ராட்டில் கோளாறும் இதே டிராக் தேய்மானம்தான். அங்கே கன்ட்ரோல் எலெக்ட்ரானிக்ஸும் த்ராட்டிலுக்குள்ளேயே இருந்ததால், புது யூனிட்டுக்குச் சாஃப்ட்வேரும் ஏற்ற வேண்டியிருந்தது. உங்கள் காரில் அந்தத் தொல்லை இல்லை.

கிராஃப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரிங்கைக் கையால் ஆட்டுங்கள், கப்ளரை லேசாக அசையுங்கள். இரண்டு கோடும் சேர்ந்து விழுந்தால் பழுது கப்ளரிலோ வயரிலோ இருக்கிறது, த்ராட்டிலில் இல்லை. எலி கடித்த இடம் சில சமயம் வெளியே தெரியாது. டேப்பைப் பிரித்துத்தான் பார்க்கவேண்டும்.

சுத்தம் செய்தால் போதுமா என்றால், ஃபால்ட் கோடைப் பொறுத்தது. ஐடிலிங் ஏறி இறங்குவது, ஏசி போட்டதும் அணைந்துபோவது, பி1545 போன்றவற்றுக்குச் சுத்தம் செய்து பார்ப்பதில் அர்த்தம் உண்டு. இன்ஜினிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை தட்டின் விளிம்பில் பிசினாகப் படிந்து அதைப் பிடித்துக்கொள்ளும். டிராக் தேய்ந்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் பலன் இல்லை, சென்சார் இருப்பது பக்கவாட்டு மூடிக்குள். கழுவும்போது த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். தண்டின் ஓரத்தில் நேராகப் பீய்ச்சினால் பேரிங் வழியாக உள்ளே இறங்கி, அதுவரை நன்றாக இருந்த சென்சாரையும் கெடுக்கும். உப்புக்காகிதம், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் வேண்டாம். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தட்டுக்குள் விரல் விடவே கூடாது. மோட்டார் எதிர்பாராமல் மூடினால் விரல் நசுங்கும்.

த்ராட்டில்தான் என்று உறுதியானபின், பார்ட் நம்பரைக் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டு வாங்குங்கள். போல்ட் துளையும் கப்ளரும் பொருந்துகிறது என்பதால் அது உங்கள் காருடையது ஆகிவிடாது. உள்ளே சென்சார் வோல்டேஜ் ஏறும் விதம் வேறாக இருந்தால் ஈசியூ அடாப்டேஷனை ஏற்காது. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழையது கிடைக்கும், வாங்கக்கூடாது என்று சொல்லமாட்டோம். ஆனால் உங்கள் கார் அளவுக்கே ஓடிய காரிலிருந்து எடுத்த டிராக் அடுத்த வருடம் இதே இடத்தில் தேய்ந்து நிற்கும். திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் மட்டும் வாங்கி, மாட்டியதும் அந்த மெதுவான கிராஃப் சோதனையைச் செய்துவிடுங்கள். தண்டில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

மாட்டுவது கடினமில்லை. இன்ஜின் ஆறியிருக்கவேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் குழாயையும் எடுத்துவிட்டால் த்ராட்டில் தெரியும். கப்ளரின் பூட்டை அழுத்தி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். போல்ட்களைக் கழற்றியதும் மேனிஃபோல்டின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள், உள்ளே விழும் ஒரு வாஷர் இன்ஜினையே தின்றுவிடும். சில மாடல்களில் த்ராட்டில் வழியாகக் கூலன்ட் குழாய் போகும். இருந்தால் கிளிப் போட்டு அடைத்துவிட்டுக் கழற்றி, கடைசியில் கூலன்ட் அளவைச் சரிபாருங்கள். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள். அங்கே காற்று கசிந்தால் ஐடிலிங் ஏறி, புது த்ராட்டிலும் பழுது என்று அலைய வேண்டியிருக்கும். எம்6 போல்ட்களுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் கைப்பலம் காட்டினால் மரை உருவிக்கொள்ளும்.

பலர் இங்கேயே வேலை முடிந்ததென்று கிளம்புகிறார்கள். புதுத் தட்டு முழுக்க மூடியிருக்கும்போது என்ன வோல்டேஜ், ஸ்பிரிங் பிடித்து வைக்கும் நிலையில் என்ன வோல்டேஜ் என்பதை ஈசியூ இன்னும் கற்கவில்லை. சுத்தம் செய்தபின்னும் இதே நிலைதான், பழைய கரிக்கு ஏற்ப அது எழுதிவைத்த கணக்கு இப்போது தப்பு. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், ஏசி, ஹெட்லைட் ஆஃப், பேட்டரியில் சார்ஜர், பெடலில் கால் படக்கூடாது. இருக்கும் ஃபால்ட் கோடுகளை அழித்துவிட்டு, இன்ஜின் பகுதியில் பேசிக் செட்டிங் போய் த்ராட்டில் அடாப்டேஷனைத் தேர்ந்தெடுங்கள். குரூப் எண் கேட்கும் பழைய மாடல்களில் அது 060. தட்டு சில நொடிகள் கடகடவென்று திறந்து மூடும் சத்தம் கேட்கும், திரையில் ஏடிபி ஓகே என்று வரும். பி1564 வந்தால் வோல்டேஜ் குறைவு, சார்ஜரைப் பாருங்கள். பி1559 வந்தால் அடாப்டேஷன் நடக்கவில்லை. தட்டு எங்காவது இடிக்கிறதா, பார்ட் நம்பர் சரியா, கப்ளர் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

முதல் நாள் ஐடிலிங் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இரண்டு மூன்று முறை முழுச் சூடேறி ஆறிய பிறகும் ஏற்ற இறக்கம் நிற்கவில்லையென்றால், ஐடிலிங்கில் ஃப்யூவல் டிரிம்மை (பெட்ரோலை ஈசியூ கூட்டிக் குறைக்கும் அளவை) ஸ்கேனரில் பாருங்கள். அங்கே 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக நின்று, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் எங்கோ காற்று கசிகிறது. கேஸ்கெட்டிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்வதைத் தவிருங்கள். எதிரே லாரி வரும்போது இந்தக் கோளாறு தலைகாட்டினால் இக்னிஷனை அணைத்துப் போட நேரம் இருக்காது.