இருபது செக்கன் வீடியோவும் ‘கடத்தல்காரன்’ தலைப்பும்

கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். கடை வாசலில் ஒரு சிறுமி சைக்கிளோடு விழுந்து நெற்றி வெடித்துவிட்டது. இவர் தூக்கி ஆட்டோவில் ஏற்ற, பிள்ளை பயத்தில் கத்தியிருக்கிறாள். அந்த இருபது செக்கனை யாரோ போனில் எடுத்துவிட்டார்கள். அன்றிரவே ஒரு இணையச் செய்தித்தளத்தில் ‘சிறுமியைக் கடத்த முயன்றவர் சிக்கினார்’ என்று தலைப்பு. மறுநாள் பொலிஸ் கூப்பிட்டு விசாரித்து, தாயின் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு இவரை அனுப்பிவிட்டது. மூன்று நாள் கழித்துச் செய்தி சத்தமில்லாமல் மறைந்தது. கடைக்கு வந்த சனம் திரும்பி வரவில்லை. “பொலிசில் அவதூறு கேஸ் கொடுக்கலாமா? பகிர்ந்த எல்லோர் மீதும் போடலாமா?” என்று கேட்கிறார்.

பொலிசில் முடியாது. இலங்கையில் அவதூறைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டப் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டுவிட்டன. உங்களுக்கு உள்ள வழி, ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் வழங்கிவரும் உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. செய்தி வெளிவந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். இணையத்தில் பொய் பரப்புவதற்கு எதிராக நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று 2024இல் ஒன்று வந்திருக்கிறதே என்பீர்கள். ஆனாலும் போன பெயருக்கு நட்டஈடு வாங்கும் இடம் மாவட்ட நீதிமன்றம்தான்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். “பொலிஸ் விசாரித்தது உண்மைதானே?” விசாரித்தது உண்மை. ஆனால் அந்தத் தலைப்பில் விசாரணை என்ற சொல்லே இல்லை, ‘கடத்த முயன்றவர்’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அதுவும் பொலிஸ் உங்களைக் கூப்பிடுவதற்கு முதல் நாள் இரவு! நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷொட் இருந்தால் வழக்கில் பாதி அதுதான். உண்மை என்று வாதாடினால் நிரூபிக்கும் சுமை அவர்களுடையது. பொதுநலனுக்காக எழுதியதாகவும் காட்ட வேண்டும். பெயர் போடவில்லையே என்று தப்பவும் முடியாது. முகமும் கடைப் பலகையும் தெரிகிறது. “இது எங்கட சைக்கிள் கடைக்காரர்” என்று அடையாளம் கண்ட இரண்டு பேர் சாட்சிக்கு வந்தால் போதும். செய்தியை நீக்கியதால் பொறுப்பு நீங்காது, தொகை வேண்டுமானால் குறையலாம்.

பகிர்ந்தவர்களும் சட்டப்படி பொறுப்பாளிகளே. ஆனால் நானூறு பேருக்குப் பின்னால் ஓடினால் கடையை விற்றுத்தான் கட்டணம் கட்டுவீர்கள். தளத்தை நடத்துபவர் லண்டனிலோ பாரிஸிலோ இருக்கலாம், இங்கிருந்து செய்தி அனுப்பியவர் உள்ளூரில்தான் இருப்பார். அவரையும் தளத்தையும் பிடியுங்கள். முதலில் சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம்: அதே இடத்தில், அதே அளவில் திருத்தமும் மன்னிப்பும், கூடவே நட்டஈடும். பல விடயம் அதோடேயே முடிந்துவிடும். பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

சரி, ஒரு சங்கடமான விடயம். கோபத்தில் நீங்கள் பேஸ்புக்கில் அந்தச் செய்தியாளரைக் ‘காசுக்கு எழுதுபவன்’ என்று போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காசு வாங்கியதற்கு ஆதாரம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றிரவே எடுத்துவிடுங்கள், அவர் உங்கள் மேல் போட அதுவே போதும்.

அப்புறம், பிள்ளைக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரித் துண்டின் பிரதியைத் தாயிடம் கேட்டு வாங்கி வையுங்கள். வருமானம் எவ்வளவு குறைந்தது என்று காட்ட, சம்பவத்துக்கு முந்திய ஆறு மாதக் கடைக் கணக்குக் கொப்பியையும் எடுத்துவாருங்கள்.