அனிமேஷன் சூப்பர் ஹீரோ படங்களில் எது உசத்தி?

‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ உசத்தியா, ‘ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’ உசத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கதைக்கு 2004இல் வந்த ‘இன்க்ரெடிபிள்ஸ்’. வரைந்த விதத்துக்கு 2018இல் வந்த ‘ஸ்பைடர்-வெர்ஸ்’. இரண்டுமே ஆஸ்கர் வாங்கியவை.

ஸ்பைடர்-வெர்ஸில் புதிதாக ஸ்பைடர்-மேன் ஆன பையன் மைல்ஸும், பழம் தின்று கொட்டை போட்ட ஸ்பைடர்-மேன் பீட்டரும் காட்டுக்குள் வலை வீசித் தாவும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள், ஓடுகிறது. பீட்டருக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் புது அசைவு. மைல்ஸுக்கு இரண்டு ஃபிரேமுக்கு ஒன்றுதான், அதாவது நொடிக்கு 12. அதனால்தான் பீட்டர் வழுக்கிக்கொண்டு போக, பையன் தட்டுத் தடுமாறுகிறான். கற்றுக்குட்டி என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள்!

இன்க்ரெடிபிள்ஸில் சூப்பர் ஹீரோ வேலையை விட்டுவிட்ட பாப், காப்பீட்டு அலுவலகத்தின் இத்துனூண்டு தடுப்புக்குள் உடம்பை மடக்கி உட்கார்ந்திருப்பாரே, எனக்கு அதுவே போதும். சண்டைக் காட்சிகூட வேண்டாம்.

சரி, என் ஓட்டு? நீங்கள் கேட்காத மூன்றாவது படத்துக்கு: 1993இல் வந்த ‘பேட்மேன்: மாஸ்க் ஆஃப் த ஃபேண்டஸம்’. காதலில் விழுந்த புரூஸ், அதாவது முகமூடி இல்லாத பேட்மேன், கொட்டும் மழையில் பெற்றோர் கல்லறை முன்னால் மன்றாடுவான், தான் சந்தோஷமாக இருப்பேன் என்று நினைத்தே பார்க்கவில்லை என்று. அவனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராயின் குரல் அங்கே தழுதழுக்கும். அப்புறம் வேறு எந்த பேட்மேன் குரலும் எனக்கு ஒட்டவில்லை.