பேப்பர் போடும் முன் (ராஜினாமாவுக்கு முன்) கேளுங்கள்: இன்டர்வியூ கேள்வி-பதில்

கே: செலக்ட் ஆகிவிட்டேனாம். ட்ரெய்னிங் டெபாசிட் 3,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? – வாசகர், திருச்சி

ப: கூடாது. ஏற்கெனவே ஆன்லைனில் அனுப்பிவிட்டீர்களென்றால் ஆன்லைன் பண மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு இப்போதே போன் செய்யுங்கள்.

கே: எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி இன்டர்வியூவில், ‘கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது?’ என்றார்கள். இது சரியா? – வாசகி, காஞ்சிபுரம்

ப: சரியில்லை. 26 வார மகப்பேறு விடுப்புக் கணக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓடுகிறது. ஆள் எடுப்பதில் பெண் என்று பாகுபாடு பார்க்கக் கூடாது என்றது 1976 சம ஊதியச் சட்டத்தின் 5-வது பிரிவு. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை ஒதுக்குவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ‘ஷிஃப்டுக்கு வருவதில் சிக்கல் இல்லை’ என்று வேலையை ஒட்டி மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்டவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

கே: ஐந்து ரவுண்டு முடிந்தது. ‘எல்லாம் பாசிட்டிவ்’ என்ற எச்.ஆர். ஒன்றரை மாதமாகப் போனை எடுப்பதில்லை. காத்திருக்கலாமா? – வாசகர், பெருங்குடி

ப: வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் இரண்டாவது ஆள். முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும், அவருக்கு 90 நாள் நோட்டீஸ் இருக்கும். கடைசி நேரத்தில் அவர் வேறு பக்கம் தாவிவிட்டால் கைக்கு ஒருவர் வேண்டுமே, அதற்காக உங்களிடம் இல்லை என்று சொல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சில சமயம் பட்ஜெட்டை முடக்கியிருப்பார்கள், அதை வெளியே சொல்ல எச்.ஆருக்கு அனுமதி இருக்காது.

காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஆள் எடுக்கும் மென்பொருளில் நூறு பேருக்கு ஒரே க்ளிக்கில் பதில் அனுப்பலாம். அதைக்கூடச் செய்யாதவர்கள்தான், நீங்கள் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் புரொஃபஷனலிசம் பற்றி வகுப்பெடுக்கிறார்கள். ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை’ என்று ஐந்து முறை லீவு போட்டு வந்தவருக்கு இரண்டு வரி எழுத இவர்களுக்கு என்ன கேடு? கனடாவின் ஒன்டாரியோவில் 2026 ஜனவரி முதல், 25 பேராவது வேலை செய்யும் நிறுவனம் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தால், கடைசி இன்டர்வியூ முடிந்த 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா என்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் தனியார் கம்பெனிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சரி, நீங்கள் செய்ய வேண்டியது: எச்.ஆரோடு உங்களைக் கடைசியாகப் பேட்டி எடுத்த மேனேஜரையும் சேர்த்து ஒரே ஒரு மெயில். ஒரு வாரம் பாருங்கள். அப்புறம் அடுத்த இடம். எப்போதும் சொல்வதுதான், ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் பேப்பர் போடாதீர்கள்.

கே: ஒரிஜினல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகர், ஓசூர்

ப: எந்த ஒரிஜினல்? பார்க்கவா, வைத்துக்கொள்ளவா? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். விட்டுவிட்டு வராதீர்கள்.

கே: இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொன்னேன். ஆஃபர் உறுதி என்று போனில் சொன்னதால் நேற்று ராஜினாமா கொடுத்துவிட்டேன். இன்று பே ஸ்லிப் கேட்கிறார்கள். – வாசகர், கோவை

ப: போனில் சொன்னதை நம்பிப் பேப்பர் போட்டீர்களா? மேலே என்ன எழுதியிருக்கிறேன்? பே ஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நீங்களே முந்திக்கொண்டு சரியான தொகையைச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், ராஜினாமாவைத் திரும்பப் பெறலாமா என்று உங்கள் மேனேஜரிடம் இன்றே கேளுங்கள். ஒரு நாள்தானே ஆகிறது.