விபத்தில் சிக்கிய ஹெரால்டு: அளவு முதலில், பெயின்ட் கடைசியில்

கேள்வி: என் தகப்பனார் 1966-ல் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இன்றும் எங்களிடம் இருக்கிறது. சென்ற மாதம் மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றிருந்தபோது ஒரு சரக்கு வண்டி இடது முன்பக்கத்தில் இடித்துவிட்டது. பானெட்டின் அந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது. ஓட்டினால் ஸ்டீயரிங் இடதுபுறம் இழுக்கிறது. ஒரு பட்டறையில், பானெட்டை நிமிர்த்திப் பட்டி போட்டு, வண்டி முழுவதற்கும் பெயின்ட் அடித்து 15 நாளில் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னொரு பட்டறையில் சேஸிஸையே (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தையே) மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் இதை டோட்டல் லாஸ், அதாவது பழுது பார்க்கக் கட்டுப்படியாகாத முழுச் சேதம் என்கிறார். விண்டேஜ் பதிவு வாங்கும் எண்ணமும் எங்களுக்கு உண்டு. என்ன செய்வது? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியில் என்னை முதலில் உறுத்தியது ‘ஓட்டினால்’ என்ற சொல்தான். மோதலுக்குப் பிறகு ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிற ஹெரால்டை ஒரு தெரு தூரம்கூட ஓட்ட வேண்டாம். பட்டறைக்கு அனுப்புவதானாலும் லாரியில் ஏற்றி அனுப்புங்கள். இந்த வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க் என்ற எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருப்பார்கள். அந்த முனை ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சக்கரம் அந்த மரையின் மேல்தான் திரும்புகிறது. இடித்த வேகத்தில் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தால், அது நாளடைவில் வளர்ந்து, ஏதோ ஒரு திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும்.

ஆகவே இடது, வலது இரண்டு தண்டுகளையும் கழற்றி, கிரீஸ் போகக் கழுவி, டை பெனட்ரன்ட் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிவப்புச் சாயத்தைத் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்தபின் வெள்ளை டெவலப்பரைத் தெளிப்பார்கள். கீறல் இருந்தால் அந்த வெள்ளையின்மேல் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வரும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் அந்தத் தண்டுக்கு வெல்டிங் என்ற பேச்சே கூடாது. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் ஆர்ம் வளைந்திருந்தால் அதைச் சூடுகாட்டி நிமிர்த்துவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. இவை இரண்டையும் புதிதாகத்தான் போட வேண்டும். இதே முன்பக்க அமைப்பைக் கொண்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1980 வரை இங்கிலாந்தில் தயாரானதால், இந்த உதிரிகளை அங்கே இன்றும் செய்து விற்கிறார்கள். வாங்குமுன் உங்கள் பழைய பாகத்தோடு அளவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சுங்க வரியையும் எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். ட்ரன்னியனுக்கு இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் ஊரில் பழக்கதோஷத்தால் கிரீஸை அடித்துவிடுகிறார்கள். அது மரையின் அடிவரை போய்ச் சேருவதில்லை, உள்ளே நீர் தங்கித் துரு பிடிக்கிறது.

அடுத்தது சேஸிஸ். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் பாடியே எலும்புக்கூடும் ஆகும். சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான உங்கள் ஹெரால்டு அப்படியல்ல: தனியான எஃகுச் சேஸிஸின் மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்த ஒரே துண்டாகப் பானெட் முன்பக்கக் கீலில் திறக்கிறது. பழுது பார்ப்பவருக்கு இது பெரிய வரம். ஆனால் ஏமாற்ற நினைப்பவருக்கும் இதுவே வசதி. ஏனென்றால் பானெட்டின் கீலை நகர்த்தலாம், பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே தகடு செருகலாம், அடியில் சேஸிஸ் வளைந்திருந்தாலும் மேலே கதவு இடைவெளி கச்சிதமாகத் தெரியும்படி செய்துவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது, இடைவெளிகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உரிமையாளரின் புகார் ஒன்றுதான்: இடது முன்டயர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குள் உள்விளிம்பில் வழுக்கையாகிவிடுகிறது. அளந்தபோது இடதுபக்க வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள நீளம்) வலதைவிட 14 மி.மீ. குறைவாக இருந்தது. இடது கீலின் அடியில் ஐந்து வாஷர்களை அடுக்கியிருந்தார்கள். வலதில் ஒன்றுகூட இல்லை. அந்தப் புதுப் பெயின்டைச் சுரண்டிவிட்டு வேலையை மறுபடி அடியிலிருந்து தொடங்க நேர்ந்தது. அந்தக் குடும்பம் இரண்டு முறை பணம் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் நீங்கள் விசாரித்த இரண்டு பட்டறைகளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘அளந்தீர்களா?’ இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மட்டமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, டயர்களில் ஒரே அளவு காற்று வைத்து, சக்கரங்களை நேராக்கி, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இருபுறமும் அளக்க வேண்டும். ஹெரால்டுக்கு இது 91.5 அங்குலம், அதாவது 2324 மி.மீ. பிறகு சேஸிஸில் இடமும் வலமும் ஒத்த புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, வண்டியை நகர்த்திவிட்டால், சேஸிஸின் வரைபடம் தரையிலேயே கிடைத்துவிடும். குறுக்காக எதிரெதிர் மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவுக்கும் இடையே 3 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் போனால் எந்தக் கட்டத்தில் வித்தியாசம் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். சஸ்பென்ஷனுக்கு முன்னால் பானெட் கீல் பொருந்தும் நுனி மட்டும் வளைந்திருந்தால், சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கியும் கொண்டு சூடில்லாமல் மெல்ல இழுத்து நேராக்கலாம். சேஸிஸ் சட்டத்தில் மடிப்பு விழுந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, அதே கனமுள்ள தகட்டில் செய்து பற்றவைக்கலாம். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் முழுச் சேஸிஸ் மாற்றும் அளவுக்குச் சேதம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் டேப் சொல்வதுதான் முடிவு. வெல்டிங் நடக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

பானெட்டைப் பொறுத்தவரை, நசுங்கிய பழைய தகட்டை எறிந்துவிட எவரையும் அனுமதிக்காதீர்கள். அக்காலத்து மென்மையான எஃகு, சுத்தியலுக்கும், தகட்டின் மறுபக்கம் முட்டுக்கொடுக்கும் டாலி என்ற இரும்புக் கட்டைக்கும் நன்றாக இணங்கும். விரிந்துபோன இடத்தைக் கேஸ் நெருப்பால் ஒரு காசளவு சிவக்கவைத்து, தட்டி, ஈரத்துணி வைத்துச் சுருக்கத் தெரிந்த வயதான டிங்கர்கள் இந்நகரில் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் கையில் கொடுத்தால் பட்டி 2 மி.மீ.க்கு மேல் தேவைப்படாது. முடிந்தபின் மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். அது ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகட்டுக்கு மேல் பட்டி கனத்திருக்கிறது. கடற்காற்று வீசும் மயிலாப்பூரில் சுரண்டிய தகடு ஒரே இரவில் செம்மை தட்டும் என்பதால், சுரண்டிய அன்றே எபாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். விளக்கு, பீடிங் போன்ற சில்லறை உதிரிகளுக்கு ஜி.பி. ரோட்டையும் புதுப்பேட்டையையும் ஒருமுறை சுற்றிவிடுங்கள். உடைந்த பழைய பாகத்தை மாதிரிக்குக் கையில் எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்தது.

இனி இன்சூரன்ஸ். சர்வேயர் உங்களுக்கு விரோதமாகப் பேசவில்லை, விதியைச் சொல்கிறார். பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த ஐ.டி.வி.யில் (வண்டியின் காப்பீட்டு மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ் கணக்கில் சேரும். ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. என்பது கம்பெனியும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை. பிரீமியம் குறையட்டும் என்று அதை ஒரு லட்சம் என்று வைத்திருந்தால், 75,000 ரூபாயைத் தாண்டும் எந்த எஸ்டிமேட்டும் இந்த நிலைக்குத்தான் கொண்டுவரும். தவிர, சாதாரண பாலிசியில் பத்து வயதைத் தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்கும், எல்லா வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். டோட்டல் லாஸை ஒப்புக்கொள்வதானால், வண்டியை நீங்களே வைத்துக்கொண்டு, அதன் இடிபாட்டு மதிப்பைக் கழித்து மீதியைப் பெறும் முறையைக் கேளுங்கள், ஆர்.சி. (பதிவுச் சான்று) ரத்தாகாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள். ஆர்.சி.யை ஒப்படைத்துவிட்டால் அறுபது வருஷத்து வண்டி காகிதத்தில் இல்லாமல் போய்விடும். இடித்தது மற்றவருடைய வண்டி என்பதால், போலீஸ் பதிவை வைத்து அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மூன்றாம் நபர் சேதமாக உரிமை கோரும் வழியும் உண்டு. அது மெதுவான வழி, ஒரு வழக்கறிஞரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

விண்டேஜ் பதிவுக்கான விதிகள் 2021-ல் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரும் வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது. அதனால்தான் சேஸிஸ் மாற்றும் யோசனைக்கு எளிதில் தலையாட்ட வேண்டாம் என்கிறேன். கழற்றும்போதும் நிமிர்த்தும்போதும் பிரைமர் அடிக்கும்போதும் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். எண் பொறித்த தகட்டைச் சுரண்டவோ பெயின்டால் மூடவோ விடாதீர்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அதன்பின் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வாரந்தோறும் கபாலி கோயில் வரை போகிற வழக்கம் இருந்தால் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்வது நல்லது.

பெயின்டைப் பற்றி ஒரே ஒரு நிபந்தனை. பிரைமர் அடித்த நிலையிலேயே, மழையில்லாத வாரத்தில், வீல் அலைன்மென்ட் முடித்து வண்டியை 300 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பிறகு போல்ட்களை மறுபடி இறுக்கி, வீல்பேஸை மறுபடி அளந்து, முன்டயர் இரண்டின் உள்விளிம்பையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போல் உறுத்தலாகவும் இருந்தால் சேஸிஸ் வேலை இன்னும் முடியவில்லை. இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால், டாஷ்போர்டின் அடியில் வெயில் படாத இடத்திலிருக்கும் பழைய நிறத்தை மாதிரியாகக் காட்டிப் பெயின்டைக் கலக்கச் சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமாக இருந்தால் தை பிறந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.