பழைய வீட்டில் ஒரு பங்கு: முன்பணம் கொடுக்கலாமா?

காரைக்குடிக்கு அருகே ஒரு பழைய குடும்ப வீட்டின் பங்கு சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது, முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். பிரிவினை ஆகாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆவது பிரிவின்படி, மற்றப் பங்காளிகளோடு சேர்ந்து அந்த வீட்டை அனுபவிக்கக் கோரும் உரிமை அவருக்குக் கிடையாது. வீட்டைப் பங்கு பிரிக்கக் கோரி நீங்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், உங்கள் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழிசெய்கிறது.

பங்கு பாதி விலைக்குக் கிடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளின் சாவிகள் நான்கு ஊர்களில் இருக்கின்றன. முகப்புத் திண்ணையில் உட்காரத் தடையில்லை, உள்ளே ஓர் ஓடு மாற்றவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

தரகரிடம் பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அதில் உங்களுக்கு விற்கப்படும் பகுதி நான்கெல்லையோடு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, பெண் வாரிசுகளும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பத்திரம் இல்லையென்றால், எல்லா வாரிசுகளும் சேர்ந்து முழு வீட்டையும் விற்றால் மட்டும் பேசலாம்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் எதுவும் இல்லை என்று நீங்கள் பார்த்தது போதாது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தாம் வரும். பத்திரம் இல்லாமலே இறங்கும் வாரிசுரிமை அதில் தெரியாது. ஆகவே மூலப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றிதழையும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கருத்து வாங்குங்கள், அவர் தரகர் கூட்டி வருபவராக இருக்கக் கூடாது.