சேவையாக இயக்கினால் மட்டும் மைன்கிராஃப்ட் சர்வர் நின்றுவிடுவது ஏன்?

வணக்கம். கையால் இயக்கினால் சர்வர் ஓடுகிறது, சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிச் சேவைகளை இயக்கும் நிரல்) சேவையாக இயக்கினால் மட்டும் உரிம ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது என எழுதியிருக்கிறீர்கள். சர்வரை இயக்கும் ஜாவாவின் மீது பழி போடாதீர்கள். இந்த சர்வர் தன் கோப்புகளை ஜார் கோப்பு (சர்வரின் நிரல் கோப்பு) இருக்கும் இடத்தில் தேடுவதில்லை. எந்தக் கோப்புறையிலிருந்து இயக்கப்பட்டதோ அங்கேதான் தேடும். நீங்கள் ஒட்டிய சேவைக் கோப்பில் எந்தக் கோப்புறையிலிருந்து இயங்க வேண்டும் என்று சொல்லும் ‘வொர்க்கிங்டைரக்டரி’ என்ற வரியே இல்லை. அதனால் அது வட்டின் மூலக் கோப்புறையிலிருந்து தொடங்குகிறது. அங்கே போய்ப் பாருங்கள்: ‘யூலா’ என்ற பெயரில் உரிம ஒப்பந்தத்துக்கான புதிய கோப்பு ஒன்று, ‘ஃபால்ஸ்’ (ஏற்கவில்லை) என்ற மதிப்போடு உட்கார்ந்திருக்கும். சர்வர் இருக்கும் கோப்புறையைக் குறிப்பிட்டு வொர்க்கிங்டைரக்டரி வரியைச் சேர்த்து, சிஸ்டம்டியை மறுபடி ஏற்றினால் தீர்ந்தது.

ஆனால் மூலக் கோப்புறையில் அந்தக் கோப்பு உருவாகியிருந்தால், சர்வரை ரூட் கணக்கில் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) இயக்குகிறீர்கள் என்று பொருள்; சாதாரணக் கணக்கால் அங்கே எழுத முடியாது. எனக்கு அதுதான் பெரிய கவலை. நான்கு நண்பர்கள் மட்டும் ஆடினாலும் சர்வரின் 25565 துறை (போர்ட்) வெளியுலகிற்குத் திறந்தே இருக்கிறது. தனிப் பயனர் கணக்கு உருவாக்கி, கோப்புறையின் உரிமையையும் அதற்கே மாற்றுங்கள். உரிமையை மாற்ற மறந்தால் ஆட்டத்தின் உலகக் கோப்புகளில் சர்வரால் எழுத முடியாது.

நிறுத்தும்போது 143 என்ற எண்ணோடு ‘தோல்வி’ என்று காட்டினால் பதற வேண்டாம். நிறுத்தச் சொன்னால் ஜாவா அப்படித்தான் விடைபெறும்; சேவைக் கோப்பில், எந்த எண்ணை வெற்றியாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லும் ‘சக்சஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்’ வரியில் அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.